சுருதம் காத்த மொழிக்கல்வி

ஆதிபுராணத்தில் ஓர் இனிய காட்சி உண்டு. பகவான் விருஷபதேவர் அயோத்தியில் அரசு வீற்றிருந்த காலத்தில், பிராமி, சுந்தரி என்னும் புதல்வியர் இருவரும் தந்தையின் திருமுன் வந்து வணங்கி நின்றனர். அவர் இருவரையும் மடிமீது இருத்திக்கொண்டு, கல்வியே மக்கட்கு உற்ற அணிகலன் என்று உணர்த்தி, பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் தம் கையாலேயே எழுதிக் கற்பித்தார். பரதன் முதலிய மைந்தர்க்குக் கலைகளைப் பயிற்றியதும், உழவு, வாணிகம் முதலிய தொழில்களை உலகோர்க்கு உணர்த்தியதும் அதன் பின்னரே நிகழ்ந்தன என்பது புராணம் காட்டும் முறை.

முதல் தீர்த்தங்கரர் முதன்முதலில் ஆசிரியராக அமர்ந்தது தம் மக்களுக்கு எழுத்தறிவிப்பதற்காக என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் நாம் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் வணங்கப்பெறும் ஐவருள், மூன்றாமவர் ஆசிரியர், நான்காமவர் உபாத்தியாயர். கற்பிப்போர்க்கு இத்துணை உயர்ந்த இடம் அளித்த சமயத்தில், அக்கற்பித்தலுக்கு வாயிலாகிய மொழி எவ்வாறு போற்றப்பட்டது, அப்போற்றுதல் தளர்ந்த இடங்களில் எவற்றை இழந்தோம் என்பதை வரலாற்றின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இரு இளமுனிவர்

மகாவீரர் நிர்வாணம் அடைந்து ஆறு நூற்றாண்டுகள் கடந்த பின்னர், வாய்மொழியாகவே வழங்கிவந்த அங்க ஆகமங்களின் அறிவு படிப்படியாகக் குறைந்து, அதன் ஒரு பகுதி மட்டும் தரசேனர் என்னும் முதுமுனிவரிடம் எஞ்சி நின்றது. அவர் சௌராட்டிரத்தில் கிரிநகரத்துக் குகை ஒன்றில் வாழ்ந்துவந்தார். தம் காலத்தோடு அவ்வறிவு மறைந்துவிடுமோ என்னும் கவலை அவரை வாட்டிற்று. எனவே, தென்னாட்டு முனிவர் சங்கத்திற்கு ஓலை விடுத்து, கற்பனவற்றை ஏற்கவும் நினைவிற் கொள்ளவும் வல்ல இளமுனிவர் இருவரை வரவழைத்தார்.

வந்த இருவரையும் அவர் சோதித்த முறை நம் இளையோர் அறியத்தக்கது. ஒருவருக்கு ஓர் எழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓர் எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து, நோன்பிருந்து சாதிக்குமாறு பணித்தார். அவ்வாறே சாதித்தபோது, ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும் மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. தேவதைகளுக்கு இத்தகைய உருவம் இயல்பன்று என்று இருவரும் உணர்ந்தனர். மந்திர இலக்கணம் அறிந்தவர்களாதலின், மிகுந்த எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தேவதைகள் தத்தம் இயல்பான வடிவுடன் தோன்றின. அதன் பின்னரே தரசேனர் தம் அறிவை அவர்களிடம் ஒப்படைத்தார்.

ஓர் எழுத்து மிகினும் குறையினும் தெய்வ வடிவமே திரிந்துவிடும் என்பது இக்கதையின் உட்பொருள். பக்தி இருவரிடமும் இருந்தது, நோன்பும் இருந்தது. எனினும், பிழையைக் கண்டறிந்து திருத்த அவர்களுக்குத் துணை நின்றது இலக்கண அறிவே.

அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர். பாடம் முற்றிய பின் புஷ்பதந்தர் வனவாசி நாட்டுக்கும், பூதபலி தமிழ்நாட்டுக்கும் சென்றனர் என்று தவளம் என்னும் உரைநூல் கூறுகின்றது. புஷ்பதந்தர் தொடங்கிய சூத்திரங்களைப் பூதபலி நிறைவு செய்தார். ஷட்கண்டாகமம் என்னும் அப்பெருநூல் ஏட்டில் எழுதப்பெற்று வழிபடப்பட்ட ஜேஷ்ட மாதச் சுக்கில பஞ்சமியையே இன்றும் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகின்றோம். பிராகிருதத்தில் அமைந்த அம்முதல் ஆகம நூலை நிறைவு செய்தவர் தமிழ் மண்ணை நாடி வந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது. அதே அளவில் பொறுப்பையும் தருவது.

ஏடு இருந்தும் ஓதுவார் இல்லாத நிலை

அந்நூலின் பிற்கால வரலாறு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வீரசேனர் அதற்கு வகுத்த தவள உரை கி.பி. 816-இல் நிறைவெய்தியது. காலப்போக்கில் நாடெங்கும் அதன் படிகள் அருகி, கன்னட நாட்டு மூடபித்திரியில் மட்டும் ஓலைச் சுவடிகள் எஞ்சின. எழுத்து, பழங்கன்னடம், மொழியோ பிராகிருதமும் வடமொழியும் கலந்தது. கன்னட எழுத்தறிந்தோர் ஊரில் பலர் இருந்திருப்பர். ஆயினும், அவ்வெழுத்தில் அமைந்த பிராகிருதத்தைப் பொருளுணர்ந்து படிப்போர் மிகச் சிலரே. அதனால் அந்நூல் பல நூற்றாண்டுகள் தரிசனப் பொருளாகவே விளங்கிற்று. யாத்திரை சென்றோர் கண்டு கைகூப்பினர், கற்றவர் இலர்.

இருபதாம் நூற்றாண்டில்தான் அந்நிலை மாறியது. பெரும் முயற்சியால் படியெடுக்கப்பெற்று, ஹீராலால் ஜெயின் முதலிய அறிஞர்களின் பதிப்பாக 1939-இல் முதற்பகுதி வெளிவந்தது. தொடர்ந்து 16 பகுதிகளாக அந்நூல் முற்றுப்பெற்றது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அச்சுருதம் அழியாமல் நின்றதற்கு ஓலையைக் காத்த கைகள் காரணம். அது மீண்டும் பேசத் தொடங்கியதற்கு மொழியைக் கற்ற கண்கள் காரணம். இரண்டனுள் ஒன்று குறைந்திருந்தாலும் இன்று நமக்கு அந்நூல் இல்லை.

நம் நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலிகம் என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் நூலைப் பிராகிருதத்தில் இயற்றினார். அவ்வூர் இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்று ஆய்வாளர் கொள்வர். அம்மூலநூல் இன்று கிடைக்கவில்லை. பிற்காலத்தில் சிம்மசூரி என்பவர் அதனை வடமொழியில் ஆக்கிவைத்தமையால், நூலின் கருத்தும் அது பிறந்த ஊரும் ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. இரண்டு மொழி அறிந்த ஒருவர் உரிய காலத்தில் தோன்றியதால் ஒரு நூல் பிழைத்தது. அத்தகைய ஒருவர் வாயாமையால் மறைந்த நூல்கள் எத்தனையோ! ஐம்பெருங்காப்பியங்களுள் வைத்து எண்ணப்பெறும் வளையாபதியில் சுமார் எழுபது செய்யுட்களே நமக்கு எஞ்சியுள்ளமையை நினைத்தால் நெஞ்சம் கலங்கும்.

பாழி தந்த பள்ளி

தமிழ் மண்ணுக்கு வந்த முனிவர்கள் தம் மொழியை மக்கள்மீது சுமத்தவில்லை. மக்கள் மொழியைத் தாம் கற்றனர். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள் இதற்குத் தொன்மைச் சான்று. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தைச் சார்ந்த அவற்றில், கணி நந்தாசிரியர் என்னும் முனிவருக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் ஒருவன் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அறத்தைக் குறிக்க அங்கே வரும் சொல் ‘தம்மம்’ என்னும் பிராகிருதச் சொல். உறைவிடத்தைக் குறிப்பது ‘பள்ளி’ என்னும் தமிழ்ச்சொல். ஒரே பாறையில் இரு மொழிகளும் அருகருகே அமர்ந்துள்ளன. வடபுலத்துப் பிராமி எழுத்தில் தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குக் குறிகள் வகுத்துத் தமிழை எழுதுவதற்கு ஏற்றதாக்கியதில் சமண முனிவர்க்குப் பங்குண்டு என்று கல்வெட்டறிஞர் கருதுவர்.

துறவியர் வைகிய கற்படுக்கைப் பாழிகளும் பள்ளிகளும் நாளடைவில் கற்பிக்கும் இடங்களாயின. பிள்ளைகள் பயிலும் இடத்திற்குப் ‘பள்ளி’ என்னும் பெயர் இதனால் அமைந்தது என்று கூறுவோர் பலர். கற்பித்தல் ஆடவர்க்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் என்னும் ஊரில், சோழன் ஆதித்தன் காலத்ததாகக் கருதப்பெறும் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண்பால் ஆசிரியரைக் குறிக்கின்றது. அங்கு ஒரு பிணக்கு நேர்ந்தபோது, அக்குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் தாமே காத்து உணவளிப்பதாக உள்ளூரார் பொறுப்பேற்ற செய்தியை அது கூறுகின்றது. பிராமிக்கும் சுந்தரிக்கும் தந்தை கற்பித்த கதை வெறும் புராணமாக நின்றுவிடவில்லை; நம் முன்னோர் அதனை வாழ்விலும் மேற்கொண்டனர்.

அனைவர்க்கும் ஈந்த இலக்கணம்

மொழியைக் கற்றவர்கள் அதனைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அமிதசாகரர் 10-ஆம் நூற்றாண்டில் யாப்பருங்கலமும் யாப்பருங்கலக்காரிகையும் இயற்றினார். காரிகை பெற்ற புகழால் ஓர் ஊரே காரிகைக் குளத்தூர் என்று பெயர் பெற்றது. இலக்கண நூலால் பெயர் பெற்ற ஊர் உலகில் வேறு எங்கேனும் உண்டோ என்று வியக்கத் தோன்றுகின்றது. குணவீர பண்டிதர் நேமிநாதத்தையும், நாற்கவிராச நம்பி அகப்பொருள் விளக்கத்தையும் இயற்றினர். சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கிப் பவணந்தி முனிவர் அருளிய நன்னூல், எழுத்தும் சொல்லும் கற்கப் புகும் தமிழ் மாணவர்க்கு இன்றும் முதல் இலக்கணமாக நிற்கின்றது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தனர்.

சைவரும் வைணவரும் பிறரும் இந்நூல்களைக் கற்றே தமிழ்ப் புலவராயினர். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம், தன்னைச் சூழ்ந்த பெருஞ்சமூகத்தின் மொழிக்கு ஆசிரியராக இருந்தது என்பது எளிய செய்தி அன்று. அரசியல் வன்மை குன்றிய காலத்திலும் சமணர் தமிழ் நாட்டில் மதிப்புடன் வாழ்ந்தமைக்கு இம்மொழித்தொண்டும் ஒரு காரணம் என்று கூறுதல் மிகையாகாது.

சமய அறமும் இவ்வழியே இல்லந்தோறும் சென்றது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் வடமொழி நூல். அதன் பொருளைக் குறள் வெண்பாக்களில் அருங்கலச்செப்பு தந்தது. ஜினசேனரும் குணபத்திரரும் வடமொழியில் அருளிய மகாபுராணத்தின் செய்திகளை மணிப்பிரவாள உரைநடையில் ஸ்ரீபுராணம் தந்தது. வடமொழி பயிலாத இல்லறத்தாரும் தம் நோன்புகளையும் தீர்த்தங்கரர் வரலாறுகளையும் அறிந்தது இவற்றால்தான்.

குடந்தையில் ஒரு தோரணம்

இவ்வாறு கொடுத்த கல்வி, பிற்காலத்தில் நமக்கே திரும்பி வந்த வரலாறு ஒன்று உண்டு.

1880-ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றிருந்த உ. வே. சாமிநாதையரிடம், அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். நன்னூலும் காரிகையும் பிரபந்தங்கள் பலவும் முறையாகப் பாடங்கேட்ட ஐயருக்கு அந்நூல் அதுகாறும் கையில் கிட்டவில்லை. அதனைப் படிக்கத் தொடங்கியபோது, தமிழ் இலக்கணம் முழுதும் கைவந்திருந்தும், சமணக் கொள்கை பற்றிய சொற்கள் பொருள் விளங்காமல் நின்றன. கும்பகோணத்துச் சமண இல்லங்களை நாடி அவர் சென்றார்.

அவர் சென்ற சந்திரநாத செட்டியார் இல்லத்தின் வாயிலில் கோலம் இடப்பட்டிருந்தது. மாவிலைத் தோரணம் கட்டப்பட்டிருந்தது. என்ன சிறப்பு என்று வினவியபோது, பல மாதங்களாகக் கேட்டுவந்த சிந்தாமணிப் பாடம் அன்று நிறைவெய்தியது என்று விடை கிடைத்தது. பாடஞ்சொன்னவர் வீடூர் அப்பாசாமி நயினார். தமிழ்ப் புலவரே கண்டிராத காப்பியம் ஓர் இல்லத்தில் பாராயண நூலாகப் போற்றப்படுவதையும், அதன் நிறைவு திருமண நாள்போல் கொண்டாடப்படுவதையும் கண்டு ஐயர் வியந்தார்.

அவர் நூலை ஆராயும் ஆர்வத்தைக் கேட்டுக்கொண்டிருந்த சமண இல்லத்து அம்மையார் ஒருவர், இவர் பவ்விய ஜீவன் போலும் என்று கூறிய செய்தியையும் ஐயர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். கல்லூரித் தமிழாசிரியருக்கு அச்சொல் புதிது. வீடுபேற்றிற்குத் தகுதியுடைய உயிர் என்னும் அதன் பொருளைக் கேட்டறிந்துகொண்டார். கல்லூரி வாயிலையே காணாத அம்மையாருக்கு அச்சொல் அன்றாட வழக்கு. ஏனெனில் அவர் கேட்டு வளர்ந்த மொழியில் அது உயிரோடு இருந்தது. பின்னர் ஸ்ரீபுராணம் முதலியவற்றையும் ஐயர் சமணரிடம் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி அச்சேறியது.

பவணந்தியும் அமிதசாகரரும் தமிழுலகுக்கு ஈந்த இலக்கணத்தைக் கற்ற ஒருவர், சமணக் காப்பியத்தைச் சமணர் இல்லத்திலிருந்து பெற்று உலகுக்குத் திருப்பித் தந்தார். இலக்கணம் அவரிடம் இருந்தது. மரபுச்சொல் நம்மிடம் இருந்தது. அன்று அவ்வில்லத்தார் தம் மக்களுக்குச் சிந்தாமணியைக் கற்பிப்பதை ஒரு தலைமுறை மட்டும் கைவிட்டிருப்பின், ஐயர் வந்து கதவைத் தட்டியபோது விடையளிப்பார் எவரும் இருந்திரார்.

ஆங்கிலத்தையும் அறத்திற்கு ஆக்கியவர்

புதுமொழி கற்றல் பழமொழியை மறத்தற்கே வழி என்று அஞ்சுவோர்க்கு, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் வாழ்க்கை விடையளிக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த அவர், ஆங்கிலப் புலமையைப் பதவிக்கு உரிய படியாக மட்டும் கொள்ளவில்லை. குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை 1920-இலும், பின்னர் சமயசாரத்தையும் ஆங்கிலத்தில் விளக்கி வெளியிட்டார். மேருமந்தர புராணத்தையும், சமய திவாகர உரையுடன் நீலகேசியையும் தமிழில் பதிப்பித்தார். தமிழில் சமண இலக்கியங்கள் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1941-இல் வெளிவந்தது. பொன்னூர் மலையோடு தொடர்புபடுத்திப் போற்றப்பெறும் குந்தகுந்தரின் பிராகிருத வாக்கு, தமிழ்ச் சமணர் ஒருவரின் ஆங்கிலத்தால் கடல் கடந்து சென்றது. பிராகிருதம், வடமொழி, தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கும் ஒருவரிடம் ஒருங்கே அமைந்ததால் நிகழ்ந்த நன்மை இது.

நம் முன் நிற்கும் கடமை

இன்று வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களிலிருந்து நம் இளையோர் பலர் சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் கல்வி, தொழில் கருதிச் சென்றுள்ளனர். இது வளர்ச்சியே, வருந்தத்தக்கது அன்று. எனினும், பாட்டனார் பெட்டியிலுள்ள ஓலைக்கட்டையோ கிரந்த எழுத்து விரவிய ஸ்ரீபுராணப் படியையோ எடுத்துப் படிக்க வல்லார் வீட்டில் எத்தனைபேர் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நான்கு தானங்களுள் சாஸ்திர தானமும் ஒன்று. நம் முன்னோர் பொருள் செலவிட்டு நூல்களைப் படியெடுத்து வழங்கினர். பெறுபவர் படிக்க இயலாராயின் அத்தானம் பயனற்றுப்போகும். மூடபித்திரியில் நிகழ்ந்தது நம் இல்லங்களிலும் நிகழாது என்பதற்கு உறுதி எங்கே உள்ளது?

இதனைத் தடுக்கும் வழி அரியதும் அன்று. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்பவற்றை எழுதத் தெரிந்த பிள்ளை, கிரந்த எழுத்துகளுள் சிலவற்றை முன்பே அறிந்திருக்கிறது. எஞ்சியவற்றை ஒரு கோடை விடுமுறையில் கற்றுவிடலாம். நாள்தோறும் ஓதும் பஞ்ச நமஸ்காரத்தைச் சொல்சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறினால், அதுவே பிராகிருதத்தின் முதற்பாடம். அருங்கலச்செப்பில் நாளுக்கு ஒரு குறள் என்று தொடங்கினால், ஓராண்டு முடிவதற்குள் தமிழும் சிராவக தருமமும் ஒருங்கே கைவரும். ஜினாலயந்தோறும் மாதம் ஒருமுறையேனும் முதியோர் பாடஞ்சொல்ல இளையோர் கேட்கும் முறை அமைதல் வேண்டும். ஓலைகளை ஒளிப்படமாக்கிச் சேமிக்கும் பணியை இளையோர் செவ்வனே செய்யக்கூடும்; ஆயின், படமெடுத்த ஏட்டைப் படிக்கவும் அவர்களுக்குக் கற்பித்தாலன்றி அப்பணி முற்றுப்பெறாது.

சிந்தாமணியில் சீவகன் அச்சணந்தி ஆசிரியரிடம் கல்வி பயின்ற செய்தியைக் கூறும் பகுதிக்குத் திருத்தக்கதேவர் அமைத்த பெயர் நாமகள் இலம்பகம். பின்னர் அவன் மணந்த மங்கையர் பலர். எனினும், அவனை முதலில் வந்தடைந்தவள் கல்விமகளே என்பது தேவர் கருத்து. கல்வியைத் திருமணமாகக் கண்ட அந்நெஞ்சமே குடந்தை இல்லத்தின் வாயிலில் தோரணம் கட்டியது.

பிறந்த நாளுக்கும் தேர்வு வெற்றிக்கும் விருந்து வைக்கும் நாம், நம் பிள்ளைகள் ஓர் அறநூலை மூலத்தில் படித்து முடிக்கும் நாளிலும் வாயிலில் கோலமிட்டுத் தோரணம் கட்டுவோமாக. வழிச்செல்வோர் என்ன சிறப்பு என்று வினவும்போது, எங்கள் பிள்ளை இன்று அருங்கலச்செப்பை முடித்தது என்று கூறும் பேறு ஒவ்வொரு தமிழ்ச் சமண இல்லத்திற்கும் வாய்ப்பதாக.

சுருதம் வாழ்க! அறம் வளர்க!